மையநோக்கு முடுக்கத்தை அளக்கும் சோதனைப்பெட்டி: ஒரு மதிப்புரை

கண்ணாடிக் குழாய், நைலான் நூல், ரப்பர் அடைப்பான், எடைகள் ஆகியவை அடங்கிய இந்தப் பெட்டி, வேகம் மாறாமல் சுற்றும் பொருளுக்கும், திசை மாறிக்கொண்டே இருப்பதால், வட்டத்தின் மையத்தை நோக்கிய முடுக்கம் உண்டு என்பதைக் கையால் உணரவைக்கிறது. குழாயினுள் செல்லும் நூலின் ஒரு முனையில் 20 கிராம் அடைப்பானைக் கட்டி 0.5 மீட்டர் நீளத்தில் சுழற்றி, மறுமுனையில் 60 கிராம் எடையைத் தொங்கவிட்டேன். 10 சுற்றுகளுக்கு 8 விநாடிகள் ஆயின. 4π²r/T² (r ஆரம், T ஒரு சுற்றுக்கான நேரம்) என்ற வாய்பாட்டின்படி முடுக்கம் ஏறக்குறைய 30.8 மீ/வி²; எடைகளின் விகிதத்தை (60/20 = 3) புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்கினாலோ 29.4. கையால் சுழற்றும் சோதனைக்கு இவ்வளவு நெருக்கம் உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது.

சுழலும்போது நூல் சற்றுத் தாழ்ந்தாலும், நூலின் இழுவிசையில் கிடைத்திசையில் செயல்படும் பகுதியும் வட்டத்தின் ஆரமும் ஒரே விகிதத்தில் குறைவதால், நூலின் முழு நீளத்தையே கணக்கில் கொள்ளலாம். இந்த அழகான நுட்பத்தைக் கையேடு சொல்லாமல் விட்டது பெருங்குறை. ஒரே ஒரு சுற்றின் நேரத்தை மட்டும் அளக்கச் சொல்வது அதனினும் தவறு. சுற்றுக்காலம் வர்க்கமாக வருவதால், அதிலுள்ள சிறு பிழை விடையில் இருமடங்காகும். குழாயின் விளிம்பு சொரசொரப்பாக இருந்ததால் நூல் விரைவில் நைந்தது. மாற்று நூல் இருப்பது ஆறுதல். மேல்நிலை மாணவர்களுக்குத் தயங்காமல் வாங்கித் தரலாம்.