விரல் விரியாதவர்களையும் பொறுமையாகப் பார்க்கிறார்கள்; டெக்ஸா ரிப்போர்ட் மட்டும் இன்னும் தேற வேண்டும்

எனக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற மூட்டு நோய்) வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தையல் தொழில் என்பதால் விரல்களைப் பற்றித்தான் எப்போதும் கவலை. இந்த முறை ருமட்டாலஜி (மூட்டு நோய்) டாக்டர் மூன்று பரிசோதனை எழுதிக் கொடுத்தார்: கை, பாதம் எக்ஸ்ரே, மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் டாப்ளரோடு (ரத்த ஓட்டத்தைக் காட்டும் முறை) அல்ட்ராசவுண்ட், எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா. மூன்றையும் மதுரையில் ஒரே ஸ்கேன் சென்டரில் எடுத்தேன்.

எக்ஸ்ரே எடுத்த பெண்ணை முதலில் பாராட்ட வேண்டும். என் விரல்கள் முழுசாக விரியாது. முன்பு வேறொரு இடத்தில் படம் ஆடிவிடும் என்று கையை மேலிருந்து அழுத்திவிட்டார்கள், இரவெல்லாம் வலி. இந்தப் பெண் சின்னத் திண்டு ஒன்றை அடியில் கொடுத்து, "விரியிற அளவு வைங்கக்கா, போதும்" என்றார். பாதம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இந்த நோயில் எலும்பு அரிப்பு பலருக்குக் கால் சுண்டுவிரலின் அடி மூட்டில்தான் முதலில் தெரியும், கைப் படம் சுத்தமாக இருக்கும்போதே. சீட்டில் பாதம் இருந்தால் விடாமல் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அல்ட்ராசவுண்டுக்காகவே இந்த இடத்தைச் சிபாரிசு செய்வேன். எக்ஸ்ரே, நடந்துபோன சேதத்தைத்தான் காட்டும். மூட்டு ஜவ்வு இப்போது வீங்கியிருக்கிறதா, அதில் ரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா என்பதை டாப்ளர் காட்டும். என் ரத்தப் பரிசோதனையில், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர். நார்மல்தான். ஆனால் வலது மணிக்கட்டில் ரத்த ஓட்டம் கூடி, திரை சிவப்பாக மின்னியது. ரேடியாலஜி டாக்டரே உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார், திரையைத் திருப்பி எனக்கும் காட்டினார். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மூட்டுக்கும் அழற்சி எவ்வளவு என்று 0 முதல் 3 வரை அளவு போட்டிருந்தது. 'வீக்கம் உள்ளது' என்று ஒரே வரி எழுதிய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு டாக்டர் எப்படி மருந்தை மாற்றுவார்? என் டாக்டர் இதைப் பார்த்த பிறகுதான் மாற்றினார். எலும்புக்குள் இருக்கும் நீர்க்கோப்பு எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும் என்றாலும், எனக்கு இப்போது அது தேவைப்படவில்லை.

அப்புறம் டெக்ஸா. முதல் நாளே போன் செய்து, 24 மணி நேரத்துக்குக் கால்சியம் மாத்திரை வேண்டாம், உலோகக் கொக்கி வைத்த உடை வேண்டாம் என்றார்கள். சமீபத்தில் மருந்து ஏற்றி சி.டி. எடுத்தீர்களா என்றும் கேட்டார்கள். குகை மாதிரி எதற்குள்ளும் போக வேண்டியதில்லை, ஊசி கிடையாது, படுத்திருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கதிர்வீச்சும் மிகக் குறைவு.

குறை இங்கேதான். எனக்கு இடுப்பில் டி-ஸ்கோர் (இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்ட அளவு) -2.1, முதுகில் -1.3. -2.5-ம் அதற்குக் கீழும் போனால்தான் ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்புப்புரை) என்பதால் 'ஆஸ்டியோபீனியா' (அதற்கு முந்தைய நிலை) என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். வயதானால் முதுகெலும்பில் வரும் தேய்மானமும் முள் வளர்ச்சியும் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும், அதைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. எலும்பு முறியும் அபாயத்தைக் கணக்கிடும் ஃப்ராக்ஸில் முடக்குவாதத்துக்கும் ஸ்டீராய்டுக்கும் தனித்தனிக் கேள்வி உண்டு. நான் வருஷக்கணக்காக பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன். அவர்கள் படிவத்தில் வயது, எடை, உயரம் தவிர எதுவும் கேட்கவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு ஸ்கோரை மட்டும் பார்த்தால் அபாயம் குறைவாகத் தெரியும். வரவேற்பில் இதைச் சொன்னேன், எழுதி வாங்கிக்கொண்டார்கள். படிவத்தை மாற்ற வேண்டும் என்பது என் அழுத்தமான வேண்டுகோள்.

மெஷினின் பெயரையும் மாடலையும் ரிப்போர்ட்டில் போடச் சொல்லி வாங்குங்கள். மெஷினுக்கு மெஷின் அளவு மாறும், அடுத்த முறையும் அதே மெஷினில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். காலையில் கை விறைப்பாக இருப்பவர்கள் பதினோரு மணிக்கு மேல் நேரம் கேளுங்கள், கொடுக்கிறார்கள். லிஃப்ட், வீல் சேர் இரண்டும் இருக்கின்றன. பழைய ஃபிலிம்களைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.