ஈ.ஈ.ஜி.யா, எம்.ஆர்.ஐ.யா? மூளையைப் பார்க்கும் மெஷின்கள் பற்றி ஒரு வலிப்பு வீட்டுக்காரன் எழுதுவது

சின்னம்மாவின் மகனுக்குப் போன வருடம் வலிப்பு வந்ததில் இருந்து எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் ஒரே கேள்விதான். "ஏன் தம்பி இந்த வயர் ஒட்டுற வேலை, நேரே எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிஞ்சிடுமே?" பெரியப்பா கேட்கிறார், மேல்மாடி அன்ரி கேட்கிறார், கனடாவில் இருந்து போன் எடுக்கிற மாமாவும் அதையே கேட்கிறார். தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், கூடக் காசு கொடுத்தால் கூட விஷயம் தெரியும் என்று. மூளைக்கு அந்தக் கணக்குச் சரிவராது. வலிப்பு வந்த தம்பியோடு ஒவ்வொரு சோதனைக்கும் கூடப் போனதும் நான்தான், வீட்டுக்கு வந்து இரவிரவாக இருந்து வாசித்ததும் நான்தான். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஈ.ஈ.ஜி., தலையில் வயர் ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிகிற சோதனை. இது பழைய மெஷின். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பேர்கர் என்ற மனநல வைத்தியர் 1924இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிந்தார், தான் பார்த்தது சரிதானா என்ற சந்தேகத்தில் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு 1929இல்தான் வெளியிட்டார். அந்தச் சந்தேகம் நியாயமானது. டோர்ச் பற்றரி ஒன்றின் 1.5 வோல்ட்டை முப்பதாயிரம் பங்காகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு அளவுதான் தலைத்தோலில் கிடைக்கிற சிக்னல்.

தம்பிக்கு எடுத்தபோது அந்த அறைக்குள் என்னையும் இருக்க விட்டார்கள். ஈ.ஈ.ஜி. எடுக்கிற மிஸ் அளவுநாடாவால் தலையை முன்னும் பின்னும், காதுக்குக் காதும் அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் நறநறவென்ற ஜெல்லால் தேய்த்து, பசை வைத்து இருபத்தொரு வயர்களை ஒட்டி முடிக்கவே அரை மணித்தியாலம் போய்விட்டது. ஸ்கிரீனில் கோடுகள் கன்னாபின்னா என்று ஓடிக்கொண்டிருந்தன. "எஸ் தெக வஹகன்ன மல்லி" என்றார் சிங்களத்தில், கண் இரண்டையும் மூடு தம்பி என்று. இவன் கண்ணை மூடினான். மூடின அந்தக் கணமே தலையின் பின்பக்கத்துக் கோடுகள் எல்லாம் ஒரே சீராக, வினாடிக்குப் பத்துத் தரம் போல, அலை அலையாக எழும்பின. கண்ணைத் திறக்கச் சொன்னார், அலை போய்விட்டது. திரும்ப மூடினான், வந்தது. அல்ஃபா அலை என்று அதற்குப் பெயர், பேர்கர் வைத்த பெயர்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. மூளை வேலை செய்கிற அந்த நொடியிலேயே அதைப் பார்க்கிறோம், ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வரைக்கும் துல்லியமாக.

ஆனால் எங்கே என்று கேட்டால் ஈ.ஈ.ஜி. தடுமாறும். மண்டையோடு சிக்னலைக் கலைத்துப் பரப்பிவிடும், ஆழத்தில் நடப்பது மேலே வந்து சேராமலே போகலாம். அதைவிட முக்கியமானது, வலிப்பு உள்ளவர்களில் பாதிப் பேர் வரைக்கும் முதல் தடவை எடுக்கிற அரை மணி நேர ஈ.ஈ.ஜி. நோர்மலாகவே வரும். இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் நோர்மல் என்று கண்டதும் சின்னம்மா பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தார். இரண்டு கிழமையில் திரும்ப வந்தது வலிப்பு.

எம்.ஆர்.ஐ.யின் வழியே வேறு. உடம்பில் உள்ள தண்ணீரின் ஐதரசன் அணுக்களை ஒரு பெரிய காந்தத்தால் ஒழுங்குபடுத்தி, ரேடியோ அலையால் தட்டி, அவை திருப்பி அனுப்புகிற சிக்னலில் இருந்து படம் செய்கிறார்கள். போல் லோட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் இதற்காக 2003இல் நோபல் பரிசு வாங்கினார்கள். சாதாரண 1.5 டெஸ்லா மெஷினின் காந்தமே பூமியின் காந்தப்புலத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல், அதனால்தான் தாலிக்கொடி முதல் ஊசி வரை எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார்கள், பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முதலே சொல்ல வேண்டும். உள்ளே அரை மணித்தியாலம் அசையாமல் படுக்க வேண்டும், சத்தம் ரோட்டுக் கொத்துகிற மாதிரி இருக்கும். எக்ஸ்றே மாதிரிக் கதிர்வீச்சு இல்லை. கட்டி, தழும்பு, பிறவிக் கோளாறு எல்லாவற்றையும் மில்லிமீற்றர் அளவில் காட்டும், ஆனால் மின்சாரம் எதையும் காட்டாது. கொழும்பின் காலி வீதியில் எந்த இடத்தில் பள்ளம் என்று எம்.ஆர்.ஐ. சொல்லும், எந்த நேரம் அதில் வாகனம் தடக்குப்படுகிறது என்று ஈ.ஈ.ஜி.தான் சொல்ல வேண்டும்.

எக்ஸ்றேயால் படம் எடுக்கிற சி.டி. ஸ்கேனைக் குறைவாக நினைக்கிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். 1971இல் லண்டனில் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்த அந்த முறை இன்றைக்கும் அவசரத்துக்கு முதல் ஆள். பாரிசவாதம் என்று ஒருவரைக் கொண்டு ஓடினால், அடைப்பா இரத்தக்கசிவா என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது, ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து மற்றதில் உயிரையே எடுக்கும். கசிந்த இரத்தம் சி.டி.யில் வெள்ளையாகத் தெரியும், சில நிமிடங்களில் முடிவு கையில். அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவாக நாலரை மணித்தியாலம்தான் அவகாசம் என்னும்போது, எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று அடம்பிடித்து நிற்பது ஆளுக்குச் செய்கிற பாவம். கதிர்வீச்சு இருக்கிறது, அதனால் சும்மா தலையிடிக்கெல்லாம் கேட்டு எடுக்க வேண்டாம்.

அப்புறம் எஃப்.எம்.ஆர்.ஐ. பத்திரிகைகளில் வருகிற "காதல் வந்தால் மூளையில் இந்த இடம் ஒளிரும்" படங்கள் இதில் இருந்து வருபவை. அங்கே ஒன்றும் ஒளிர்வதில்லை! 1990இல் செய்ஜி ஒகாவா காட்டியது, இரத்தத்தில் ஒட்சிசன் அளவு மாறினால் காந்த சிக்னலும் மாறும் என்பதை. ஆக அது பார்ப்பது இரத்த ஓட்டத்தை, அதுவும் நரம்பு வேலை செய்து ஐந்தாறு வினாடி பிந்தி. படத்தின் ஒரு சின்னப் புள்ளிக்குள்ளேயே லட்சக்கணக்கான நரம்புக் கலங்கள் இருக்கும். 2009இல் அமெரிக்காவில் செத்த சால்மன் மீன் ஒன்றை உள்ளே வைத்து ஸ்கேன் பண்ணி, புள்ளிவிபரத்தில் கவனம் இல்லாவிட்டால் அதன் மூளையும் 'வேலை செய்யும்' என்று காட்டினார்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னால், பேச்சு மூளையின் எந்தப் பக்கம் என்று பார்க்க இது அருமையான கருவி. மனதை வாசிக்கிற மெஷின் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

பெட் ஸ்கேன், கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோசை மூளை எங்கே எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பது. அதில் போடுகிற ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், நினைத்த இடத்தில் வைத்துச் செய்ய முடியாது. எங்கள் வீட்டுக்கு அது தேவைப்படவில்லை.

இரண்டாவது ஈ.ஈ.ஜி.க்குத் தம்பியை இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் வைத்திருந்து, எண்ணெய் வைக்காமல் முழுக வார்த்துக் கொண்டுபோனோம். மெஷினில் இருக்கும்போதே தூங்கினான், இடது பக்கக் காதுக்கு மேலே கூரான அலைகள் வந்தன. அதை வைத்துத்தான் எம்.ஆர்.ஐ.யில் எந்த இடத்தை மெல்லிசு மெல்லிசாக வெட்டிப் பார்ப்பது என்று எழுதிக் கொடுத்தார்கள், நினைவுக்கு உதவுகிற மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் இடது பக்கத்தில் சுருங்கித் தழும்பாக இருந்தது. முதலே எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால்? இருக்கலாம், கண்டும் இருக்கலாம். ஆனால் எங்கே தேடுவது என்று தெரியாமல் எடுக்கிற படத்தில் இப்படிச் சின்னது தவறிப்போவதும் நடக்கிறது.

இதில் எல்லாவற்றையும்விட மலிவான ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. டொக்டர் ரிப்போர்ட்டுகளைத் திறக்க முதலே கேட்டது, "யாராவது வீடியோ எடுத்தனீங்களா?" சின்னம்மாவின் போனில் நாற்பது வினாடி இருந்தது. வாயைச் சப்புகிறான், இடது கை சேர்ட் பொத்தானை நோண்டுகிறது, வலது கை முறுக்கிக்கொண்டு விறைக்கிறது. மூன்று தரம் போட்டுப் பார்த்துவிட்டு, "மூளையின் இடது பக்கமாக இருக்கும்" என்றார், வலது கையை நடத்துவது இடது மூளை என்பதால்.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால், ஆளைப் பக்கவாட்டில் சரித்து விடுங்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், இரும்புத் திறப்பைத் தேடி ஓட வேண்டாம். ஒருவர் பக்கத்தில் இருக்க இன்னொருவர் முகமும் இரண்டு கையும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடியுங்கள்.