பதினோரு நவம்பர்கள், ஒரே எரிச்சல்: ஓப்பன் டோர்ஸ் அறிக்கையோடு என் அனுபவம்

2025 நவம்பரில் திருச்சியிலிருந்து கல்லூரி நண்பன் கூப்பிட்டான். "டேய், அமெரிக்காவுல வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை இதுவரைக்கும் இல்லாத உச்சம்னு போட்டிருக்கான். இங்க என்னடான்னா விசா கிடைக்கல, போறவங்க குறைஞ்சுட்டாங்கன்னு பேச்சு. எதுடா நிஜம்? பொண்ணை எம்எஸ்ஸுக்கு அனுப்பலாமா வேணாமா?"

இரண்டும் நிஜம் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும்தான், ஆனால் அவன்மேல் இல்லை.

நான் அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன். எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், எங்கள் மாணவர்களில் எத்தனை பேர் வெளிநாட்டில் படிக்கப் போனார்கள் என்று எண்ணி, ஆண்டுதோறும் ஓப்பன் டோர்ஸ் என்ற அறிக்கைக்கான படிவத்தை நிரப்பி அனுப்புவது என் வேலை. நாடு முழுக்க இப்படி வருவதையெல்லாம் கூட்டி, நவம்பரில் சர்வதேசக் கல்வி வாரத்தை ஒட்டி வெளியிடுகிறார்கள். நடத்துவது இன்ஸ்டிட்யூட் ஆஃப் இன்டர்நேஷனல் எஜுகேஷன். 1919-இலிருந்து இந்தத் தலைக்கணக்கை எடுத்துவரும் நிறுவனம். நான் அனுப்புகிறவனும்கூட, படிக்கிறவனும்கூட. சமையல்காரனே சாப்பிட உட்கார்வது மாதிரி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும். இவ்வளவு நீண்ட காலக் கணக்கு இந்தத் துறையில் அரிது. நாடு வாரியாக, படிப்பு வாரியாக, மாநிலம் வாரியாகப் பார்க்கலாம். 2023-24இல் இந்தியா 3,31,602 பேரோடு சீனாவை முந்தியபோது, 2008-09க்குப் பிறகு இதுதான் முதல்முறை என்று ஒரே நிமிடத்தில் பின்னால் புரட்டிச் சொல்ல முடிந்தது. வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் குடியேற்றத் துறையின் செவிஸ் கணினி 2003-இல்தான் வந்தது. அதில் பள்ளிப் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள். பல்கலைக்கழகத்தை மட்டும் பார்க்க ஓப்பன் டோர்ஸ்தான் வசதி.

சரி, எரிச்சலுக்கு வருவோம். ஓபிடி.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்து படித்து முடித்தவர் அதே விசாவில் 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், பொறியியல், கணிதம் என்றால் இன்னும் 24 மாதம். இதுதான் ஓபிடி. பட்டம் வாங்கியாயிற்று, வகுப்பு கிடையாது, கட்டணம் கிடையாது, ஊரிலேயே இருக்கமாட்டார். ஆனால் ஓப்பன் டோர்ஸின் மொத்தத்தில் அவரும் ஒரு மாணவர். எங்களிடம் படித்த பையன் ஒருவன் டாலஸில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் முடிந்து, அலுவலகத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தான். அந்த ஆண்டும் அவனை மாணவர் என்றுதான் எண்ணி அனுப்பினேன்.

இதனால் என்ன குடி முழுகிப்போயிற்று என்கிறீர்களா? 2024-25இன் மொத்தம் 11,77,766. அதுதான் உச்சம். அதில் ஓபிடியில் இருப்பவர்கள் 2,94,253. கழித்தால் மீதி 8,83,513. இப்போது 2016-17ஐ எடுங்கள். மொத்தம் 10,78,822, ஓபிடி 1,75,695, மீதி 9,03,127. அதாவது "இதுவரை இல்லாத உச்சம்" வந்த ஆண்டில், உண்மையில் பாடம் படித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டு ஆண்டு முன்பு இருந்ததைவிடக் கிட்டத்தட்ட இருபதாயிரம் பேர் குறைவு. முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டாலும் 395 பேர் குறைவு. ஏறியது முழுக்க முழுக்க ஓபிடி.

இந்தியக் கணக்கு இன்னும் மோசம். மொத்தம் 3,63,019, பத்து சதவீதத்தை ஒட்டிய வளர்ச்சி. உள்ளே போய்ப் பார்த்தால் முதுநிலையில் படிப்பவர்கள் 1,96,567-இலிருந்து 1,77,892 ஆக இறங்கியிருக்கிறார்கள். ஓபிடியில் இருப்பவர்களோ 97,556-இலிருந்து 1,43,740. கோவிட்டுக்குப் பிறகு கூட்டமாக வந்தவர்கள் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த எதிரொலியைத்தான் நாம் வளர்ச்சி என்று கைதட்டுகிறோம்.

நண்பன் காவிரிக்காரன். அவனுக்கு இப்படிச் சொன்னேன்: மேட்டூர் அணை பற்றி நம்மூர்ப் பேப்பரில் எப்படிப் போடுவான்? நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, நீர்திறப்பு இத்தனை. மூன்றையும் சேர்த்துத்தான். மட்டம் 120 அடி நிரம்பி நிற்கும்போதே வரத்து குறைய ஆரம்பித்திருக்கும். விவசாயி அதைத்தான் முதலில் பார்ப்பான். ஓப்பன் டோர்ஸ் தலைப்பில் நீர்மட்டம் மட்டும் இருக்கிறது. வரத்து, அதாவது புதிதாகச் சேர்ந்தவர்கள், 2024-25இல் 2,77,118. ஏழு சதவீதம் இறக்கம். 2025 இலையுதிர் பருவத்துக்கு எடுத்த துரிதக் கணக்கில் இன்னும் 17 சதவீதம் இறக்கம். உச்சமும் இந்தச் சரிவும் ஒரே நாளில், ஒரே கையிலிருந்து வந்தவை.

நியாயமும் பேச வேண்டும். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஓபிடி தனி வரியாக, கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான் மேலே செய்தது பள்ளிக்கூடக் கழித்தல்தான். தவிர, ஓபிடியில் இருப்பவரின் ஆவணம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. வீடு மாறினால், வேலை மாறினால் செவிஸில் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டியது நாங்கள். 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் சிக்கல், அந்தப் பதற்றத்தில் அழைப்பு வருவதும் எங்களுக்கு. வேலைப்பளுவை வைத்துப் பார்த்தால் வகுப்பில் இருப்பவரைவிட அவர்தான் அதிகம் "மாணவர்". ஆகவே எண்ணுவது தப்பில்லை. அந்தக் கூட்டுத்தொகையைத் தலைப்பாக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தலைப்பைத்தான் துணைவேந்தர்கள் படிக்கிறார்கள். எங்கள் வராந்தாவில் "சாதனை எண்ணிக்கை" என்று சுவரொட்டி தொங்கிய அதே வாரம், புதியவர்களுக்கான அறிமுக நாளில் போட்ட நாற்காலிகளில் கால்வாசி காலி. அந்தச் சுவரொட்டி எண்ணை எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் அமெரிக்க மாணவர் கணக்கைப் பற்றிச் சுருக்கமாக. அது எப்போதும் ஓர் ஆண்டு பின்தங்கி வரும். கோடைக்காலப் பயணங்கள் முடிந்து, மதிப்பெண் ஏறி, பிறகுதானே எண்ண முடியும்; காரணம் சரிதான். ஆனால் 2022 நவம்பரில், எங்கள் பிள்ளைகள் ரோமில் பீட்சா தின்று படம் போட்டுக்கொண்டிருந்தபோது, அறிக்கை "14,549 பேர்" என்றது. அது 2020-21இன் எண். கோவிட்டுக்கு முன் 2018-19இல் 3,47,099. இவ்வளவு பெரிய பள்ளத்தை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. கடைசியாக வந்தது 2023-24க்கு 2,98,180. இன்னும் பழைய மட்டத்தைத் தொடவில்லை.

அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மட்டுமே அந்தக் கணக்கில் சேர்த்தி. எங்களிடம் படித்த மதுரைப் பெண் ஒருத்தி ஒரு பருவம் ஸ்பெயினுக்குப் போய்ப் படித்து வந்தாள். இந்தியாவிலிருந்து வந்தவள் என்று எண்ணினோம். ஸ்பெயினுக்குப் போனவள் என்று எண்ண இடமில்லை. பாவம், வந்தது மட்டும் பதிவாயிற்று.

இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும், இது நம்மவர்களுக்கே உரியது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இருக்கும் இடத்தில் விசாவில் எஃப்என்யூ என்று அச்சாகும், முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். வந்திறங்கும் நாளில் பத்துக் கார்த்திக்குகளும் எஃப்என்யூ கார்த்திக். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகம் காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருள், விண்ணப்பத்தில் அப்பா பெயரோடு இருந்த கார்த்திக்கையும் செவிஸில் எஃப்என்யூவாக இருந்த கார்த்திக்கையும் இரண்டு ஆட்களாக எடுத்துக்கொண்டது. படிவத்தை அனுப்புவதற்கு முதல் நாள் மாலை, பிறந்த தேதிகள் ஜோடி ஜோடியாக நிற்பதைப் பார்த்துத்தான் பிடித்தேன். பதினொரு பேர் கூடுதல். விற்றவர்களிடம் சொன்னால், "உங்கள் தரவு சுத்தமாக இல்லை" என்றார்கள். தலைமுறை தலைமுறையாக அப்பன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு வாழ்ந்தவர்கள் நாங்கள், சுத்தமில்லையாம்.

மதிப்பெண் கேட்டால், இன்றைய மனநிலையில் பத்துக்கு நான்கு. வேறு எதைப் பயன்படுத்தலாம் என்று கேட்டால், எதையும் இல்லை, இதையே எடுங்கள். வெளியாகும் திங்கட்கிழமை காபி போடுவதற்கு முன்பே திறந்துவிடுகிறேன், பதினோரு ஆண்டாக.

நண்பன் கடைசியில் கேட்டான்: "சரிடா, பொண்ணு விஷயம்?"

"நாட்டுக் கணக்கை விடு. அவ சேரப் போற துறைக்கு மெயில் போட்டுக் கேளு. போன வருஷம் புதுசா எத்தனை பேர் சேர்ந்தாங்க, இப்ப வகுப்புல எத்தனை பேர் இருக்காங்க, முடிச்சவங்கள்ல எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது."

"அதெல்லாம் சொல்வாங்களா?"

"கேட்டா சொல்வாங்க. சுவரொட்டில போட மாட்டாங்க."

இந்த ஆண்டுப் படிவம் வந்துவிட்டது. ஓபிடி கட்டத்தை முதலில் நிரப்பினேன். எங்களிடம் போன ஆண்டைவிடக் கூடியிருக்கும் ஒரே கட்டம் அதுதான்.