சேமித்து வைத்த சிறுபடமா, கேட்கும்போது வரையும் சிறுபடமா?

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பாலாற்றுப் படுகை ஏரிகளுக்கு சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் தேடியவர்களுக்குத் தெரியும்: 'மேகம் 20 சதவீதம்' என்று கேட்லாக் சொல்வதை நம்பி எதையும் இறக்க முடியாது. அது ஒரு காட்சி, அதாவது ஒரு முழுப் படம், பிடிக்கும் 110 கிலோமீட்டருக்கு 110 கிலோமீட்டர் பரப்பின் கணக்கு. அந்த மேகம் நமக்கு வேண்டிய ஏரிக்கு மேலேயே நிற்கலாம். படத்தின் சிறிய முன்னோட்டமாக ஒரு சிறுபடம் இருந்தால் இரண்டு நொடியில் தெரிந்துவிடும். இல்லையென்றால், ஏறத்தாழ ஒரு ஜிபி இறக்கிய பிறகுதான்.

அந்தச் சிறுபடத்துக்கு இரண்டு வழி. ஒவ்வொரு காட்சிக்கும் முன்கூட்டியே ஒரு ஜேபெக் செய்து, ஸ்டாக் (கேட்லாக்குக்கான பொது வடிவம்) பதிவில் 'தம்ப்நெயில்' என்று இணைத்துவிடலாம். அல்லது எதையும் சேமிக்காமல், சி.ஓ.ஜி. என்ற, வேண்டிய பகுதியை மட்டும் இணையம் வழியே படிக்கக்கூடிய படக்கோப்புக்குள்ளேயே இருக்கும் குறைந்த துல்லிய அடுக்குகளிலிருந்து, டைட்டைலர் மாதிரி ஒரு சர்வர் கேட்டவுடன் வரைந்து தரலாம். நாங்கள் இரண்டாவது வழியில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு முதல் வழிக்கு வந்தோம்.

இடத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 687 பிக்சல் ஜேபெக் 100 கேபிக்குள் அடங்கும். நாலாயிரம் காட்சி சேர்ந்தாலும் ஒரு முழுக் காட்சியின் பாதி இடம் ஆகாது. சர்வர் வழியில் அகச்சிவப்பு, இயல்பு நிறம் என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். அது உண்மையிலேயே நல்ல வசதி.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. எங்கள் படத் தேடல் பக்கத்தில் 24 காட்சிகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கோப்புகள். ஒவ்வொரு கோப்பிலும் முதலில் தலைப்பகுதி, அப்புறம் தரவு. ஆக, ஒருவர் ஒரு பக்கம் திறந்தாலே கிட்டத்தட்ட 150 கோரிக்கைகள். ஒருநாள் இரவு ஏதோ ஒரு தேடுபொறியின் தானியங்கி நிரல் (பாட்) எல்லாப் பக்கத்தையும் புரட்டியது. நினைவகம் நிரம்பி சர்வர் படுத்துவிட்டது. காலையில் பார்த்தால் தேடல் பக்கம் முழுக்கச் சாம்பல் கட்டங்கள். படங்கள் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தன, ஆனால் எதில் மேகம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நூலகங்களைப் புதுப்பிப்பது, நினைவகத்தைக் கூட்டுவது என்று மாதாமாதம் ஏதாவது வேலை வந்துகொண்டே இருந்தது. சேமித்த ஜேபெக் அப்படி எதையும் கேட்பதில்லை.

அதற்கும் ஒரு தொந்தரவு உண்டு. 2022 ஜனவரி 25 முதல், செயலாக்கப் பதிப்பு 04.00 வந்தபோது, சென்டினல்-2 பிக்சல் மதிப்புகளோடு 1000 சேர்ந்துகொண்டது. நாங்கள் எல்லாவற்றுக்கும் 0 முதல் 3000 வரை என்று ஒரே நீட்சி (எந்த மதிப்பு கறுப்பு, எது வெள்ளை என்ற வரம்பு) கொடுத்திருந்தோம். 300 என்று கறுப்பாக இருந்த ஏரித் தண்ணீர் அந்தத் தேதிக்குப் பிறகு 1300 ஆகி, பால் கலந்த மாதிரி வெளுத்தது. மெல்லிய மேகம் என்றே பலர் அந்தக் காட்சிகளை ஒதுக்கினார்கள். சர்வரில் இதை ஒரு நிபந்தனை சேர்த்துச் சரிசெய்துவிடலாம். எங்களுக்கோ சிறுபடங்களைத் திரும்பச் செய்ய ஒரு முழு இரவு ஓடியது. ஆனாலும் நீள அகலத்தில் 16-இல் ஒரு பங்கான குறைந்த துல்லிய அடுக்கிலிருந்தே செய்ததால் முழுக் கோப்பைத் தொட வேண்டியிருக்கவில்லை. பழைய பெயரிலேயே புதுப் படத்தை வைத்ததுதான் தப்பு. சிலருடைய உலாவி பழையதையே காட்டிக்கொண்டிருந்தது. இப்போது நீட்சியின் பதிப்பெண் கோப்புப் பெயரிலேயே இருக்கிறது, ஸ்டாக் இணைப்பும் அதோடு மாறுகிறது.

எந்த வழியானாலும் ஒன்றைக் கவனியுங்கள். நிறப்படத்தைச் சிறிதாக்க, பக்கத்துப் பிக்சல்களின் சராசரி எடுக்கும் முறை நல்லது. ஒவ்வொரு பிக்சலும் என்ன என்று எண்ணால் குறிக்கும் வகைப்பாட்டு அடுக்குக்கு அதைத் தொடவே கூடாது. அதில் 4 தாவரம், 8 மேகம். இரண்டின் சராசரி 6, அதாவது தண்ணீர். வயலோரத்து மேகத்தைச் சுற்றி இல்லாத குளம் முளைத்துவிடும்.

எங்களிடம் இருப்பது சில ஆயிரம் காட்சிகள், அதுவும் ஒளியியல் படங்கள் மட்டும். லட்சக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கும் ரேடார் படக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு மாறலாம். நாங்களும் டைட்டைலரை மொத்தமாக எடுத்துவிடவில்லை. ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கும்போது அதுதான் வரைகிறது. அது நின்றுபோனாலும் தேடல் பக்கத்தில் மேகம் தெரிகிறது.