அடிபட்ட பூனைக்கு டெட்டாலா, உப்புத் தண்ணீரா?

பூனைக்கு அடிபட்டால் நம் கை முதலில் டெட்டால் பாட்டிலுக்குத்தான் போகும். அது இல்லையென்றால் மஞ்சள்தூள், காப்பித்தூள். மருத்துவரிடம் போய்ச் சேரும் வரை எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று பார்ப்போம்.

டெட்டாலில் இருப்பது குளோரோசைலினால். ஃபீனால் வகையைச் சேர்ந்தது. அந்த வகைப் பொருளைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. காயத்தில் ஊற்றியதை அது நக்காமல் விடாது. நாக்கு புண்ணாகி, எச்சில் ஒழுகி, சாப்பாட்டைத் தொடாமல் படுத்துவிடும். உப்புத் தண்ணீர் கிருமியைக் கொல்லாது, உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் வேண்டியது மண்ணும் முடியும் கழுவிப் போவதுதான். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு. ஊசி கழற்றிய சிரிஞ்சால் மெல்லப் பீய்ச்சினால் போதும். என் ஓட்டு இதற்குத்தான். மருத்துவமனை பல மணி நேரத் தொலைவு என்றால் மட்டும் பீட்டாடினைப் பால் கலக்காத டீயின் நிறத்துக்கு நீர்த்துத் தடவலாம். கண், வாய் பக்கம் கொண்டுபோக வேண்டாம். நக்கவும் விடக் கூடாது.

மஞ்சள்தூள் ரத்தத்தோடு சேர்ந்து களிம்பாய் ஒட்டிக்கொள்ளும். காயம் எவ்வளவு ஆழம் என்று மருத்துவர் பார்ப்பதற்கே அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். காப்பித்தூள் அதைவிட மோசம், காஃபீன் பூனைக்கு விஷம். ரத்தம் நிற்க, சுத்தமான பருத்தித் துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், உறைந்தது பிய்ந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது வேண்டாம்.

வலியில் கத்துகிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து கொடுக்காதீர்கள். கல்லீரலின் அதே குறைதான் இங்கும். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகிவிடும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரை எடுத்துவிடலாம். பாலும் வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருப்பதே நல்லது.

சரி, எப்படித் தூக்கிப் போவது? மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த எங்கள் பூனையை நான் மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஹாரன் சத்தம் கேட்டதும் கட்டைவிரலைக் கடித்துத் துள்ளி, சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டது. உடைந்த காலோடு அதை இழுத்து வெளியே எடுத்தபோது போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பரணில் ஓர் அட்டைப்பெட்டி காலியாகவே கிடக்கிறது, பக்கவாட்டில் துளை போட்டு. துண்டில் சுற்றுவது கடியிலிருந்து காப்பாற்றும். ஆனால் விழுந்த பூனைக்கும் வண்டியில் அடிபட்ட பூனைக்கும் நெஞ்சில் அடி இருக்கலாம், இறுக்கினால் மூச்சு முட்டும். பெட்டியென்றால் தனக்கு வலிக்காத பக்கம் அதுவே திரும்பிப் படுத்துக்கொள்ளும். முதுகிலோ இடுப்பிலோ அடி என்று தோன்றினால் கையால் தூக்காமல், தட்டையான அட்டை ஒன்றை அடியில் நகர்த்தி, அட்டையோடு பெட்டிக்குள் இறக்குங்கள். மேலே ஒரு துணியைப் போட்டு இருட்டாக்கினால் பாதி பயம் அடங்கும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஈறு வெளுத்திருந்தாலோ கழுவுவது, துடைப்பது எதுவும் வேண்டாம், உடனே கிளம்புங்கள். வழியிலேயே மருத்துவமனைக்குப் போன் செய்து, எப்போது எப்படி அடிபட்டது என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், உங்களைக் கடித்திருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.