கண் கெட்ட பிறகு: மரபணுவைச் சரிசெய்வதா, பாசியிடம் கடன் வாங்குவதா?

மரபணுப் பழுதால் விழித்திரை கெடும் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற நோய் பெரும்பாலும் மாலைக்கண்ணாகத்தான் தலைகாட்டும். விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கான குச்சி செல்கள் முதலில் சாகும், பின்னாலேயே கூம்பு செல்களும். ஆனால் மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்புச் செல்களில் கணிசமானவை அதற்குப் பிறகும் உயிரோடு இருக்கும். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது, என்ன மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

2017இல் அமெரிக்கா அனுமதித்த லக்ஸ்டர்னா என்ற மரபணுச் சிகிச்சையில், ஆர்பிஇ65 மரபணுவின் பழுதில்லாத பிரதியை வைரஸில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்துகிறார்கள். இருக்கிற செல்களே மறுபடி வேலை செய்வதால், கிடைக்கும் பார்வை இயற்கையான வழியிலேயே வருகிறது. பொருந்துகிறவர்களுக்கு இதற்கு ஈடில்லை. ஆனால் பழுது அந்த ஒரு மரபணுவில்தான் இருக்க வேண்டும், செல்களும் செத்திருக்கக் கூடாது. இந்நோய்க்குக் காரணமான மரபணுக்களோ பல டஜன். இரு கண்களுக்குமான அறிமுக விலை 8,50,000 டாலர் என்பது தனிக்கதை.

ஆப்டோஜெனடிக்ஸ் எந்த மரபணு பழுது என்றே கேட்பதில்லை. பாசியிலிருந்து வந்த, ஒளிபட்டால் திறக்கும் புரதத்தை மிஞ்சிய நரம்புச் செல்களுக்குள் முளைக்க வைக்கிறது. கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரம்தான், ஆனால் பலிக்கிறது. 2021இல் வெளியான ஆய்வில், பல்லாண்டுகளாகப் பார்வையிழந்திருந்த 58 வயதுக்காரர் ஒருவர், கேமரா பொருத்திய சிறப்புக் கண்ணாடியோடு பல மாதம் பழகிய பிறகு, மேசைமேல் இருந்த நோட்டுப்புத்தகத்தை 92% முறை சரியாகத் தொட்டார். சின்னப் பெட்டி என்றதும் அது 36% ஆகச் சரிந்தது. தெருவில் பாதசாரிக் கடப்பின் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் இந்தப் பலன் இல்லை, ஏனென்றால் அந்தப் புரதத்துக்கு வலுவான ஆம்பர் ஒளி வேண்டும். சாதாரண வெளிச்சமே போதும் என்கிற எம்சிஓ-010 இதே வகைச் சிகிச்சையில் இன்னொரு போட்டியாளர்.

அப்புறம், மிஞ்சிய நரம்புச் செல்களை மின்சாரத்தால் தூண்ட விழித்திரையில் பொருத்தும் சில்லு. ஆர்கஸ் 2 என்ற சில்லில் 60 மின்முனைகள், அதனால் ஒளிப்புள்ளிகள்தான் தெரியும். தயாரித்த நிறுவனம் 2019இல் அதைக் கைகழுவியது. பொருத்திக்கொண்டவர்களோ பழுது பார்க்க ஆளில்லாமல், கண்ணுக்குள் சில்லோடு நின்றார்கள். அதனால் சில்லை நான் கடைசியில்தான் வைப்பேன்.

புதிதாக நோய் தெரியவந்தவர் முதலில் செய்ய வேண்டியது மரபணுப் பரிசோதனை. ஆர்பிஇ65 என்று வந்தால் தள்ளிப்போடக் கூடாது, செல்கள் காத்திருக்காது. மற்ற மரபணு என்றால் ஆப்டோஜெனடிக்ஸ் விஷயத்தில் அந்த அவசரம் இல்லை.