வெள்ளையா, சில்வரா, கருப்பா? காருக்குப் புது நிறம் அடிக்கும் முன்

நிறம் பிடித்திருந்தால் மட்டும் போதாது. நாளைக்கு ஃபெண்டரில் (சக்கரத்தை மூடியிருக்கும் பக்கத் தகட்டில்) ஒரு உரசல் விழுந்தால், அந்த இடத்தை மட்டும் அடையாளம் தெரியாமல் சரிசெய்ய முடியுமா? நிறத்துக்கு நிறம் பெரிய வித்தியாசம் இங்கேதான்.

சாதா வெள்ளையில் மின்னும் துகள் எதுவும் கிடையாது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே நிறம்தான் தெரியும். அதனால் நிறம் சரியாகக் கலக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் அடிபட்ட பேனலோடு வேலை முடிந்துவிடும். வெளிர் ப்ரைமர் (அடிப்பூச்சு) மேல் 2, 3 கோட்டில் (பூச்சில்) மூடிவிடும். குறை என்றால், பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் ஒட்டித் துருப்பிடித்து, சக்கரங்களுக்குப் பின்னால் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரியும்.

சில்வரும் மெட்டாலிக் கிரேயும் தூசியையும் நுண்கீறலையும் நன்றாக மறைக்கும். ஆனால் அடிப்பது கைத்திறன் வேலை. உள்ளே இருக்கும் அலுமினியத் துகள்கள் எப்படிப் படிகின்றன என்பதைப் பொறுத்தே நிறம் அமையும். ஈரமாக அடித்தால் கருத்துப்போய்த் திட்டுத்திட்டாக நிற்கும். காற்றழுத்தம் கூடி உலர்வாக விழுந்தால் வெளுத்துவிடும். ஒரே டின் பெயின்ட்டை இரண்டு பேர் அடித்தால் இரண்டு ஷேடு வருவது இதனால்தான். கடைசியில் ஸ்ப்ரே கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஒரு மெல்லிய கோட் தூவினால் துகள்கள் சீராகும். ஃபெண்டரை அடிக்கும்போது, ஷேடு வித்தியாசம் தெரியாமலிருக்க, பக்கத்துக் கதவிலும் பேஸ் கோட்டை (நிறப் பூச்சை) படிப்படியாகக் கரையவிட்டு, கதவு முழுக்கக் கிளியர் (மேலே வரும் நிறமற்ற பூச்சு) அடிக்க வேண்டும். ப்ரைமரை 320 எண் உப்புத்தாளோடு நிறுத்தினால் அந்தத் தேய்ப்புக் கோடுகள் சில்வரில் அப்படியே தெரியும். இன்னும் மென்மையான 600 வரையாவது போக வேண்டும்.

கருப்பை நன்றாகப் பராமரித்தால் அதன் பளபளப்புக்கு ஈடில்லை. ஆனால் அது எதையும் மறைக்காது. பட்டி போட்ட இடம் துளி மேடுபள்ளமாக இருந்தாலும், கதவில் விழும் டியூப்லைட்டின் பிம்பம் அங்கே நெளியும். கைட் கோட் (மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும் மெல்லிய வேற்று நிறப் பூச்சு) தூவி, நீளமான பிளாக்கில் (உப்புத்தாள் பொருத்திய கட்டையில்) தேய்த்தால்தான் தப்பலாம். அழுக்குத் துணியால் துடைத்தால் வெயிலில் வட்டவட்டமாகக் கீறல் தெரியும். வெப்பமும் கூடும்: அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது, சில்வர் காரின் உட்புறம் கருப்பைவிட 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தது.

சிவப்பு எளிதில் மூடாது. பெயின்ட் நிறுவனம் சொல்லும் ஷேடில் சாம்பல் ப்ரைமர் போடாவிட்டால் கோட் மேல் கோட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். தடிப்பான படலத்தில் தின்னர் சிக்கினால் கிளியரில் ஊசித்துளை போலக் கொப்புளம் வெடிக்கும். வெயிலிலேயே நிற்கும் காருக்குச் சிவப்பு வேண்டாம். வெளுக்கும் வாய்ப்பு அதிகம்.

முத்துப் போல மின்னும் பேர்ல் வெள்ளைக்கு மூன்று கட்டம்: அடி நிறம், மைக்கா கலந்த நடுக்கோட், கிளியர். நடுக்கோட் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஷேடு மாறும். ரிப்பேரின்போது ஒரு தகட்டில் 1, 2, 3, 4 கோட் எனப் பட்டைபட்டையாக அடித்து, கிளியரும் போட்டு, காரோடு ஒட்டிப் பார்த்துத்தான் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பொறுமையுள்ள பெயின்டர் கிடைக்காவிட்டால் பேர்லைத் தவிர்த்துவிடுங்கள். பளபளப்பில்லாத மேட் இன்னும் சிக்கல்: பாலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும், கீறல் விழுந்தால் பேனல் முழுக்க அடிக்க வேண்டும்.

தினமும் ஓட்டும், வெளியில் நிற்கும் காருக்குச் சாதா வெள்ளைதான் சரி. நல்ல பெயின்டர் பக்கத்திலேயே இருந்தால் மெட்டாலிக் கிரே.

எதுவானாலும் கிளியர் போட்ட சோதனை அட்டையை நடுப்பகல் வெயிலிலும் நிழலிலும் தெருவிளக்கிலும் பாருங்கள். பழைய நிறத்தை மாற்றுவதென்றால் கதவு இடுக்கு, பானெட்டின் அடி, டிக்கியின் உள்விளிம்பு எல்லாம் கணக்கில் வர வேண்டும். வாகனப் பதிவில் நிறம் குறித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் பழைய நிறத்தின் குறியீடு (கலர் கோட்) இனி உதவாது. புது நிறத்தின் கலவை விகிதத்தை எழுதி வாங்கி, தின்னர் சேர்க்காத பெயின்ட்டில் 100 மில்லியைக் காற்றுப் புகாத டின்னில் வைத்துக்கொள்ளுங்கள்.